வண்டி ஓட்டும் பெரியவர்களுக்கு எந்த மேப் சரி?

(மூத்த குடிமக்களும் அவர்களுடைய பிள்ளைகளும் சேர்ந்து கலந்துகொண்ட ஸ்மார்ட்போன் பயிற்சி வகுப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



முன் வரிசையில் இருக்கும் ஐயாக்கள், அம்மாக்களில் பலர் நான் பிறப்பதற்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவர்கள். உங்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்க நான் வரவில்லை, அந்த தைரியமும் எனக்கு இல்லை. பின் வரிசையில் உங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: "அப்பாவுக்கு ஒரு ஜிபிஎஸ் வாங்கிக் கொடுக்கணும், எது நல்லா இருக்கும்?" அதனால் ரெண்டு பேருக்கும் சேர்த்தே பேசுறேன்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு விஷயம் இருக்கு. அறுபதைத் தாண்டியவர் ஒருமுறை வழி தவறி, இருட்டில் தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டு, ராத்திரி பதினோரு மணிக்கு வீடு வந்து சேர்ந்தால் அடுத்த நாளே பேச்சு ஆரம்பிச்சிடும். "இனிமே நீங்க வெளியூருக்கு ஓட்ட வேணாம்ப்பா." சாவி ஆணியிலிருந்து காணாமல் போகும். அதற்குப் பிறகு கோயிலுக்குப் போக, தங்கை வீட்டுக்குப் போக, கண் ஆஸ்பத்திரிக்குப் போக யாரையாவது எதிர்பார்த்து உட்கார வேண்டும். பார்வையும் உடம்பும் சரியாக இருக்கும் ஒருவர், வழி தெரியாத ஒரே காரணத்துக்காக ஓட்டுவதை நிறுத்துவது வருத்தமான விஷயம். அதே நேரம், வழி காட்டும் கருவியையே பார்த்துக்கொண்டு ரோட்டைப் பார்க்காமல் ஓட்டுவது அதைவிட ஆபத்து. இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் நாம் தேர்வு செய்யணும்.

என்னுடைய கருத்தை முதலிலேயே சொல்லிடுறேன். ஓடும் வண்டியில் ஓட்டுபவரிடம் எது மிகக் குறைவாக வேலை வாங்குகிறதோ, அதுதான் அவருக்கு நல்ல வழிகாட்டி. விலை, திரையின் அளவு, எத்தனை வசதி என்பதெல்லாம் அடுத்தது. பெரும்பாலான வீடுகளில் புதிதாக எதுவுமே வாங்க வேண்டியிருக்காது. கையில் இருக்கும் போனைச் சரியாக அமைத்துக் கொடுத்தாலே போதும்.

தனிக் கருவி வாங்கலாமா?

வெளிநாடுகளில் கார் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் தனி ஜிபிஎஸ் கருவிகள் ரொம்ப காலமாகப் புழக்கத்தில் உண்டு. கார்மின், டாம்டாம் என்று பெயர் கேட்டிருப்பீர்கள். நம் ஊர்க் கடைகளில் இப்போது அவை அபூர்வம். அமெரிக்காவில் இருக்கும் மகன் அன்போடு ஒன்று வாங்கிவந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அதில் இந்திய வரைபடம் இருக்கா? பெரும்பாலும் வாங்கிய நாட்டின் வரைபடம்தான் இருக்கும், நம் நாட்டுக்குத் தனியாக வாங்கி ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகும் அவ்வப்போது கம்ப்யூட்டரிலோ வைஃபையிலோ இணைத்துப் புதுப்பிக்கணும். புதுசு புதுசாகப் பைபாஸும் மேம்பாலமும் வரும் நம் மாநிலத்தில் இரண்டு வருடம் புதுப்பிக்காத வரைபடம் உங்களை வயலுக்குள் ஓட்டுவதாகக் காட்டும். தனிக் கருவியில் ஒரு நல்ல விஷயம் உண்டு: போன் அழைப்பும் வாட்ஸ்அப்பும் அதில் குறுக்கே வராது. அந்த நன்மையை வேறு வழியில் பெறலாம், பிறகு சொல்றேன்.

இரண்டாவது, காரின் டேஷ்போர்டிலேயே இருக்கும் திரை. சமீப வருடங்களில் வாங்கிய கார் என்றால் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது ஆப்பிள் கார்ப்ளே இருக்க வாய்ப்பு உண்டு. போனைக் கேபிளில் செருகினால் போனில் இருக்கும் மேப் பெரிய திரையில் வந்துவிடும். பெரியவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை என்பேன். எழுத்து பெரிதாக இருக்கும், சத்தம் காரின் ஸ்பீக்கரில் வரும், போன் அழைப்பு வந்தாலும் ஸ்டியரிங் பட்டனிலேயே எடுக்கலாம். ஆச்சரியம் என்னவென்றால், இந்த வசதி இருக்கும் காரை வைத்துக்கொண்டே போனை மடியில் வைத்து ஓட்டுபவர்கள் ஏராளம். வாங்கியபோது ஷோரூமில் ஐந்து நிமிடம் காட்டியிருப்பார்கள், அதோடு மறந்திருக்கும். பிள்ளைகள் இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் அதைப் பாருங்க.

பழைய காரில் வெளியே கடையில் புதுத் திரை பொருத்துவதைப் பற்றியும் கேட்கிறார்கள். போடலாம். மலிவான செட்டுகளில் திரை மெதுவாக வேலை செய்யும். வண்டியை எடுத்து இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் மேப் திறக்கும். பொறுமை குறைந்த ஓட்டுநர் அதை ஓடும்போதே தட்டிக்கொண்டிருப்பார். வாங்குவதற்கு முன் கடையில் ஒரு செட்டை அணைத்துப் போட்டு, மேப் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். வெயிலில் திரை தெரிகிறதா என்று கடைக்கு வெளியே வைத்தும் பாருங்கள்.

மூன்றாவது போன்தான். மீதி நேரம் முழுக்க அதைப் பற்றியே பேசப்போகிறேன்.

கண்ணுக்கும் காதுக்கும்

போனைக் கையில் எடுத்துப் படிக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி. ரோட்டைப் பார்க்கத் தூரப் பார்வைக் கண்ணாடி. டேஷ்போர்டில் இருக்கும் போன் இந்த ரெண்டுக்கும் நடுவில், ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கு. பைஃபோகல் போட்டவர்களுக்கு அந்தத் தூரம் எந்தப் பக்கமும் தெளிவாக வராது. தலையைத் தூக்கி, தாழ்த்தி, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள். அந்த இரண்டு வினாடியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 33 மீட்டர் கடந்துவிடும். ஆகவே திரை எவ்வளவு பெரிது என்பதைவிட, திரையைப் பார்க்காமலே போக முடியுமா என்பதுதான் முக்கியம். கண் டாக்டரிடம் போகும்போது "நான் வண்டி ஓட்டுறேன், டேஷ்போர்டு தூரம் தெளிவா தெரியணும்" என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் பத்திரிகை படிப்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

இரவில் திரை வெளிச்சம் கண்ணில் அடித்தால், மறுபடி இருட்டான ரோட்டுக்குப் பழக வயதான கண்ணுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். மேப்பில் இரவு நிறம் தானாக மாறும்படி வைத்திருங்கள், வெளிச்சத்தையும் குறைத்துவிடுங்கள்.

பார்க்காமல் போக வேண்டும் என்றால் கேட்க வேண்டும். கூகுள் மேப்ஸில் தமிழ்க் குரல் இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் மொழியைத் தமிழுக்கு மாற்றி, குரல் அளவை 'அதிக சத்தம்' என்று வையுங்கள். ஊர்ப் பெயர்களை அது உச்சரிக்கும் அழகு சில நேரம் சிரிப்பை வரவழைக்கும். ஆனால் "இடதுபுறம் திரும்பவும்" என்பது தெளிவாகக் கேட்கும், நமக்கு வேண்டியது அதுதான். வயதாகும்போது மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். போனின் சின்ன ஸ்பீக்கரில் வரும் குரலைவிட, ப்ளூடூத் வழியாகக் காரின் ஸ்பீக்கரில் வரும் குரல் நன்றாகக் கேட்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. போன் ப்ளூடூத்தில் இணைந்திருக்கும், கார் ஸ்டீரியோவில் எஃப்எம் ஓடிக்கொண்டிருக்கும். மேப்பின் குரல் ஸ்டீரியோவுக்குப் போகும், ஸ்டீரியோ அதை வெளியே விடாது. "இந்த மேப் பேசவே மாட்டேங்குது" என்று புகார் சொல்பவர்களில் பாதிப் பேருடைய பிரச்சினை இதுவாகத்தான் இருக்கும். ஸ்டீரியோவை ப்ளூடூத்தில் வையுங்கள், அல்லது மேப் அமைப்பில் 'ப்ளூடூத்தில் குரல்' என்பதை அணைத்துவிடுங்கள்.

எங்கே பொருத்துவது?

போனை மடியிலும், கியர் பக்கத்திலும், இன்னும் சிலர் ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவிலும் வைத்து ஓட்டுகிறார்கள். சட்டம் இதில் தெளிவாக இருக்கு. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்கிறது. கையில் பிடித்துத் தட்டிக்கொண்டே ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு பாயும். முதல் தடவைக்கே 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதத்துக்கு அந்தப் பிரிவில் இடம் இருக்கிறது.

ஆகவே ஒரு ஸ்டாண்டு அவசியம். ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டும் கிளிப் வகை நம் வெயிலுக்கு நல்லது. கண்ணாடியில் ஒட்டும் வகையில் மதிய வெயில் நேராக அடித்து, போன் சூடாகி, திரை மங்கிவிடும். சில போன்கள் தானாகவே அணைந்துபோகும். அதுவும் சரியாக நீங்கள் திரும்ப வேண்டிய இடத்தில்தான் அணையும்! ரோட்டை மறைக்கக் கூடாது, ஏர்பேக் விரியும் இடத்தில் இருக்கக் கூடாது. ஸ்டாண்டு பொருத்தும்போது ஓட்டுநர் சீட்டில் பெரியவரையே உட்கார வைத்துப் பொருத்துங்கள். ஆறடி உயர மகன் தன் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டிவிட்டுப் போனால், ஐந்தடி அம்மாவுக்கு அது எட்டாது. சார்ஜருக்கு ஒரு நல்ல கேபிள் போதும். மேப் ஓடும்போது பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

கேட்காமல் விடக்கூடாத ஒரு யோசனை

வீட்டில் பயன்படுத்தாத பழைய ஸ்மார்ட்போன் ஒன்று கிடக்கும் இல்லையா? திரை நன்றாக இருந்தால் அதையே காருக்கு ஒதுக்கிவிடுங்கள். வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எல்லாவற்றையும் நீக்கி, மேப் மட்டும் முகப்பில் இருக்கட்டும். இதுதான் நான் முதலில் சொன்ன தனிக் கருவியின் நன்மை, செலவில்லாமல். பேசும் போன் சட்டைப் பையில் இருக்கும். அதில் அழைப்பு வந்தாலும் மேப் மறையாது.

இதற்கு சிம் கார்டு கூட அவசியம் இல்லை என்றால் பலர் நம்ப மறுக்கிறார்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைச் சொல்வது செல்போன் கம்பெனி இல்லை, செயற்கைக்கோள். அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நம் இஸ்ரோவின் நாவிக் அமைப்பும் இருக்கிறது. அவை அனுப்பும் சிக்னலைப் போன் வாங்கிக்கொள்கிறது, அதற்கு இன்டர்நெட் தேவையில்லை. இன்டர்நெட் தேவைப்படுவது வரைபடத்தை இறக்கவும் போக்குவரத்து நெரிசலைத் தெரிந்துகொள்ளவும்தான். வீட்டு வைஃபையில் உங்கள் மாவட்டத்தையும் அடிக்கடி போகும் பக்கத்து மாவட்டங்களையும் 'ஆஃப்லைன் மேப்' ஆக இறக்கி வைத்துவிட்டால், சிக்னல் இல்லாத மலையடிவாரத்திலும் அது வழி சொல்லும். நெரிசலும் மாற்று வழியும் மட்டும் தெரியாது. அவை வேண்டுமென்றால் பேசும் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: அந்தப் போனை வெயிலில் நிற்கும் காருக்குள்ளேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். பேட்டரி உப்பிவிடும்.

மாற்றி வைக்க வேண்டியவை

பிள்ளைகளே, இது உங்களுக்கு. அப்பாவின் மேப்பைத் திறந்து முதலில் வாகனக் குறியைப் பாருங்கள். 2017 டிசம்பரிலிருந்து கூகுள் மேப்ஸில் இருசக்கர வாகனத்துக்குத் தனி வழி இருக்கிறது. யாரோ எப்போதோ பைக் குறியைத் தொட்டுவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். காரில் போகும் பெரியவரை அது சந்துக்குள்ளும் வாய்க்கால் கரையிலும் அழைத்துக்கொண்டு போகும். கார் குறிக்கு மாற்றுங்கள். அதேபோல 'சுங்கச்சாவடியைத் தவிர்', 'நெடுஞ்சாலையைத் தவிர்' என்ற இரண்டும் தெரியாமல் இயக்கப்பட்டிருந்தால், விழுப்புரம் போகிறவர் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத்தான் போவார்.

வரைபடம் எப்போதும் வடக்கு மேலே இருக்கும்படி வைக்கப்பட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். வண்டி போகும் திசை மேலே இருந்தால்தான் இடது இடதாகத் தெரியும். வீட்டு முகவரியை 'வீடு' என்று பதிந்து, முகப்புத் திரையில் ஒரே தட்டலில் வீட்டுக்கு வழி காட்டும் விட்ஜெட் வைத்துக் கொடுங்கள். குழம்பிப்போன நேரத்தில் ஒருவருக்குத் தேவைப்படுவது அந்த ஒரு பட்டன்தான். மகள் வீடு, ஆஸ்பத்திரி, குலதெய்வக் கோயில் ஆகிய மூன்றையும் பெயர் வைத்துச் சேமித்துவிடுங்கள். மற்றதுக்கு மைக்கைத் தொட்டுத் தமிழிலேயே சொல்லப் பழக்குங்கள்.

சேரும் இடம் சரிதானா?

வழி தவறுவதில் பெரும்பகுதி ரோட்டில் நடப்பதில்லை, வீட்டு வாசலிலேயே நடந்துவிடுகிறது. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போக வேண்டியவர் அவசரத்தில் 'திருவள்ளூர்' என்பதைத் தொட்டுவிடுவார். ஆங்கிலத்தில் தட்டும்போது இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். புதுப்பட்டி, புதூர் என்று ஒரே பெயரில் எத்தனை ஊர்! மாரியம்மன் கோயில் தெரு இல்லாத ஊரே கிடையாது. இதற்கு ஒரு எளிய பழக்கம் போதும்: 'தொடங்கு' என்பதை அழுத்தும் முன் மொத்தக் கிலோமீட்டரைப் பாருங்கள். தஞ்சாவூர் - திருவாரூர் அறுபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். திரையில் முந்நூற்றுச் சொச்சம் என்று காட்டினால் ஏதோ தப்பு. தூரக் கணக்கு உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் மேப்போடு வளர்ந்தவர்கள், நீங்கள் மைல்கல்லோடு வளர்ந்தவர்கள்.

கல்யாணப் பத்திரிகையில் இப்போது மண்டபத்துக்கு க்யூஆர் கோடு போடுகிறார்கள். அதை முந்தின நாள் இரவே ஸ்கேன் செய்து, மண்டபத்தின் பெயர் சரியா என்று பார்த்துச் சேமித்துவிடுங்கள். உறவினர் வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்பினால், "நீ இப்ப எங்க இருந்து அனுப்புற?" என்று கேளுங்கள். அவர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே 'தற்போதைய இருப்பிடம்' அனுப்பியிருந்தால், நீங்களும் அந்த டீக்கடைக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

எப்போது அது சொல்வதைக் கேட்கக் கூடாது?

இந்த வகுப்பில் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், மேப்பைப் பார்த்து ஓட்டிவந்த சுற்றுலாப் பயணிகளின் கார் படிக்கட்டுப் பாதையில் போய் நின்றது. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே வருடம் நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி உடைந்துபோன பாலத்தில் ஏறிய காரில் இருந்த மூன்று பேர் ஆற்றில் விழுந்து இறந்துபோனார்கள். மேப் அந்தப் பாலத்தைச் சாலையாகவே காட்டிக்கொண்டிருந்தது. கூடலூரில் வண்டியில் இருந்தவர்கள் வயதானவர்கள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லணும். ஸ்மார்ட்போனில் கைதேர்ந்தவர்களும் மாட்டுகிறார்கள்.

திறந்த வானத்தில் போனின் ஜிபிஎஸ் ஏறக்குறைய ஐந்து மீட்டர் துல்லியத்தில் வேலை செய்யும். மேம்பாலத்தின் மேலே போகிறீர்களா கீழே போகிறீர்களா, நெடுஞ்சாலையில் இருக்கிறீர்களா பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில் இருக்கிறீர்களா என்பதை ஐந்து மீட்டர் துல்லியத்தால் எப்போதும் பிரித்தறிய முடியாது. கத்திப்பாரா சந்திப்பு இதற்கு நல்ல உதாரணம். அங்கே மேப் ஒன்று சொல்லும், பச்சைப் பலகை ஒன்று சொல்லும். பலகையை நம்புங்கள். இப்போது சில நகரங்களில் மேம்பாலத்தில் ஏற வேண்டுமா என்பதை மேப்பே சொல்ல ஆரம்பித்திருக்கிறது. மேப்ள்ஸ் செயலியில் சந்திப்பைப் படம்போல வரைந்து காட்டும் வசதியும் இருக்கு. அது நம் நாட்டு நிறுவனத்தின் செயலி. இரண்டையும் ஓட்டிப் பார்த்து எது மனசுக்குப் பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் ஓடவிட வேண்டாம். இரண்டு பேர் வழி சொன்னால் என்ன ஆகும் என்று கல்யாண வீட்டுக்குப் போன எல்லோருக்கும் தெரியும்.

திருப்பத்தைத் தவறவிட்டால்? நெடுஞ்சாலையில் பிரேக் போட்டு ரிவர்ஸ் எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மேப் திட்டாது, கோபித்துக்கொள்ளாது. சில வினாடியில் புது வழி போட்டுக்கொடுக்கும். ஐந்து கிலோமீட்டர் கூடப் போனால் பத்து நிமிடம், அவ்வளவுதான்.

மலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்லணும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். இதை மேப் உங்களிடம் கேட்காது, சோதனைச் சாவடியில்தான் கேட்பார்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியே 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள குறுக்குப் பாதை தூரம் குறைவாகத் தெரியும். வெளியூர் வாகனங்கள் அதில் இறங்குவதற்குக் கட்டுப்பாடு உண்டு, அதற்குக் காரணம் அங்கே நடந்த விபத்துகள். கூடலூர் வழியே சுற்றிப் போவதுதான் பாதுகாப்பு. முதுமலையைத் தாண்டிப் பந்திப்பூர் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும் காட்டுச் சாலையிலும் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுத் தடை இருக்கிறது. மாலையில் கிளம்பும்போது மேப் காட்டும் 'சேரும் நேரம்' சரியாகவே இருக்கும், கேட் மூடியிருக்கும்.

மழைக்காலத்தில் சுரங்கப்பாதையும் தரைப்பாலமும் வரும் வழி என்றால், கிளம்பும் முன் டிஎன் அலர்ட் செயலியில் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில், "மேப் நேரா போகச் சொல்லுதே" என்று இறங்க வேண்டாம்.

பழக்குவது எப்படி?

புது வழிகாட்டியை முதன்முதலில் புது ஊருக்குப் போகும்போது சோதிக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டே போகத் தெரிந்த வழியில், உதாரணமாக வாராவாரம் போகும் சந்தைக்கு, மேப் போட்டுப் போங்கள். வழி தெரியும் என்பதால் பதற்றம் இருக்காது. "300 மீட்டரில் வலதுபுறம்" என்று அது சொல்லும்போது 300 மீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று உடம்புக்குப் பழகும். பர்லாங்கில் கணக்குப் போட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு பர்லாங் 200 மீட்டர், ஒன்றரைப் பர்லாங் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் பக்கத்து சீட்டில் உட்காருங்கள், வாயை மட்டும் திறக்காதீர்கள். ரொம்பக் கஷ்டம்தான். "அப்பா இங்க, அப்பா அங்க" என்று நீங்கள் சொன்னால் அவர் மேப்பைக் கேட்கவே மாட்டார். எந்த இடத்தில் திரையைப் பார்க்கத் தலையைத் திருப்புகிறார், எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாவது முறை வேண்டுமென்றே ஒரு திருப்பத்தைத் தவறவிடச் சொல்லுங்கள். மேப் தானாகத் திருத்திக்கொள்வதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், தவறவிடும் பயம் பாதி போய்விடும். மூன்று முறை இப்படிப் போன பிறகும் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால், அவருக்கு மேப் போட்டு ஓட்டுவது சரிப்படாது என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம். தெரிந்த வழிகளில் அவர் தொடர்ந்து ஓட்டட்டும், தெரியாத ஊருக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தத் தேவையில்லை.

பல வீடுகளில் அப்பா ஓட்டுவார், அம்மா பக்கத்தில் இருப்பார். அப்படியானால் மேப்பை அம்மாவுக்குக் கற்றுக்கொடுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகத் திரையைப் பார்க்கவும், தட்டவும், "அடுத்த லெஃப்ட்டுங்க" என்று நேரத்தோடு சொல்லவும் அவரால் முடியும். நான் பார்த்தவரையில், இதைவிடச் சிறந்த ஜிபிஎஸ் எந்தக் கடையிலும் இல்லை.

லைவ் லொக்கேஷன் பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று நம் இருப்பிடத்தைப் பகிரலாம். நீண்ட பயணத்துக்கு 8 மணி நேரம் போட்டுவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதி. ஆனால் பிள்ளைகளே, அதை அவரே அனுப்ப வேண்டும். அவருக்குத் தெரியாமல் போனில் ஏதாவது அமைத்துவிட்டு, "ஏம்ப்பா டீக்கடையில அரை மணி நேரம் நின்னீங்க?" என்று கேட்டால், அடுத்த முறை போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். அதுவும் நியாயம்தான்.

கேள்வி நேரத்தில் வந்தவை

"டூ வீலர்ல எப்படிம்மா?" என்று ஒரு ஐயா கேட்டார். ஹேண்டில்பாரில் போனை மாட்டி ஓட்டினால் என்ஜின் அதிர்வில் சில போன்களின் கேமரா கெடும், குண்டு குழியில் போனே தெறித்து விழும். என் யோசனை: கிளம்பும் முன் வழியை ஒருமுறை முழுசாகப் பார்த்துக்கொள்ளுங்கள், போனைச் சட்டைப் பையில் வையுங்கள், சந்தேகம் வந்தால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள். நிறுத்திக் கேட்கவும் செய்யலாம். ஆட்டோ ஸ்டாண்டு இன்னும் இருக்கிறது.

"கண் டெஸ்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று இன்னொருவர். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் படிவம் 1ஏ மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும். 55 வயதைக் கடந்தவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிப்பார்கள். அதைச் சும்மா கையெழுத்து வாங்கும் வேலையாக நினைக்காமல், உண்மையாகவே கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள். எந்த ஸ்டாண்டு, எந்தத் திரை என்று முடிவு செய்ய அந்த ரிப்போர்ட் ரொம்ப உதவும்.

"வண்டி நின்னுபோச்சு, எங்க இருக்கோம்னே தெரியலைன்னா?" தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. ஆம்புலன்ஸுக்கு 108. எந்த அவசரத்துக்கும் 112. மேப்பில் உங்களைக் காட்டும் நீலப் புள்ளியைத் தொட்டால் இருப்பிடம் வரும், அதைப் படித்துச் சொல்லலாம். பதற்றத்தில் அது முடியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து அதில் உள்ள ஊர்ப் பெயரையும் எண்ணையும் சொல்லுங்கள். இந்த மூன்று எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி, காரின் சன் வைசரில் இன்றைக்கே ஒட்டிவிடுங்கள். போன் அணைந்துபோனாலும் பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கி அடிக்கலாம்.